மூன்றாவது பிள்ளையின் மேல் ஒட்டிய தாள்

என்னிடம் வருகிறவர்கள் யாரும் புத்தகம் எழுதியிருக்கிறேன் என்று சொல்வதில்லை. "ஒரு புஸ்தகம் போடப்போறேன் சார்" என்பார்கள். பந்தல் போடுவது போல, விருந்து போடுவது போல. உட்காரச் சொல்லி, கையெழுத்துப் பிரதியை வாங்கிக் கையில் வைத்துக் கனம் பார்ப்பேன். படிப்பதற்கு முன்பே பாதி தெரிந்துவிடும்.

நான் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். காரைக்காலில் வயதானவர்கள் அந்தப் பிரிவை இன்னும் பிரெஞ்சுக்காரன் வைத்த பெயரில் எத்தாசிவில் என்றுதான் சொல்கிறார்கள். வேலையில் இருந்தபோதும் அதற்குப் பிறகும் ஒரு நாள் விடாமல் நோட்டு எழுதி வருகிறேன். அரசலாற்றுக்குத் தண்ணீர் வந்த நாள், கடைத்தெருவில் ஒரு கடை மூடிய நாள், தெருவில் ஒருவர் இறந்த நாளும் நேரமும். கருத்து எதுவும் எழுதுவதில்லை. "தேதி சந்தேகம்னா கோவில்பத்துல அவரப் போய்க் கேளு" என்று எனக்கு ஒரு பெயர் உண்டாகிவிட்டது. புத்தகம் போடுகிறவர்கள் என் வீட்டுக்கு வழி கண்டுபிடித்தது இப்படித்தான்.

அவர்களுக்கென்று தனி நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். வந்த நாள், எதற்காகப் போடுகிறேன் என்று அவர் சொன்ன காரணம், எனக்குப் புலப்பட்ட காரணம் என்று மூன்று பத்திகள். இரண்டாவது பத்தியில் பெரும்பாலும் "நண்பர்கள் வற்புறுத்தினார்கள்" என்றுதான் இருக்கும். இத்தனை வருடத்தில் அந்த நண்பர்களில் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

கல்லூரி ஆசிரியர் ஒருவர் மாணவர்கள் எழுதிக் கொடுத்த கட்டுரைகளை அடுக்கிக்கொண்டு வந்தார். பதவி உயர்வு நேர்காணலுக்குப் பின்னட்டையில் ஐ.எஸ்.பி.என். என்று நீளமான எண் போட்ட ஒரு புத்தகம் வேண்டும். வந்தது பங்குனி மாதம். புத்தகம் போன டிசம்பரில் வந்ததாக இருக்க வேண்டும் என்றார்.

"உள்ள என்ன இருக்குன்னு யாரு சார் பாக்கப்போறா? மாசத்த மட்டும் டிசம்பர்னு போட்டுட்டா சரியாப் போச்சு."

அந்த நூற்றைம்பது பக்கத்தில் அவரே சொந்தமாகச் சேர்த்த ஒரே செய்தி அந்த டிசம்பர். அதுவும் பொய்.

அரிசி ஆலை வைத்திருந்தவர் ஒருவருக்கு மகள் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயருக்கு முன்னால் ‘கவிஞர்’ என்று வர வேண்டும். வீட்டு வாசலில் பலகை எழுதி மாட்டிவிட்டுத்தான் என்னிடம் வந்தார். "பலகை எழுதியாச்சு சார். இனிமே கவிதைதான் வேணும்" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பிரான்சிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை வருகிற இன்னொருவர், வீட்டுக்கு வீடு செண்டுபாட்டில் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை என்பதால் கவிதைத் தொகுப்புக்கு மாறினார். செண்டாவது ஒரு மாதம் மணக்கும்.

நான் நிறையப் படிக்கிறவன். வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது. அவற்றை எழுதியவர்கள் என்ன காரணத்துக்காக எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கத் தோன்றியதும் இல்லை. என் வீட்டுக்கு வருகிறவர்களின் புத்தகங்களில் எனக்குத் தெரிவது காரணம் ஒன்றுதான். வேறு எதுவும் உள்ளே இருப்பதில்லை.

இனி நான் சொல்லப்போவது அந்த நோட்டில் கடைசியாகப் பதிவான ஆளைப் பற்றி. அவருக்குப் பிறகு யாருக்கும் நான் தேதி சரிபார்த்துக் கொடுக்கவில்லை.

மாங்கனித் திருவிழா முடிந்த மூன்றாம் நாள், வியாழக்கிழமை காலை அவர் வந்தார். அரசாங்கப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எனக்கு நான்கு தெரு தள்ளி வீடு. ஆவணியில் அவருக்கு அறுபதாம் கல்யாணம். அன்றைக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் தேங்காய், வெற்றிலை பாக்கோடு தன் குடும்ப வரலாற்றையும் போட்டுக் கொடுக்கப்போகிறார். இப்போது எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கமாகிவிட்டது. எவர்சில்வர் டப்பா கொடுத்த காலம் போய்ப் புத்தகம் வந்திருக்கிறது. டப்பாவில் உப்பாவது போட்டு வைக்கலாம்.

காரணம் கேட்டேன். "வருங்கால சந்ததிக்குத் தெரியணும்ல சார்" என்றார். அரை மணி நேரம் கழித்து, காபி குடித்த தெம்பில், மூன்றாவது பத்திக்கு வேண்டியதையும் அவரே சொல்லிவிட்டார். மகனுக்குத் திருவாரூர்ப் பக்கத்தில் பெரிய இடத்தில் பெண் பார்த்திருக்கிறார்கள்.

"அவங்க நம்ம குடும்பத்தப் பத்தி நாலு பேருகிட்ட விசாரிப்பாங்க. அதுக்குப் பதிலா புஸ்தகத்தக் கையில குடுத்துட்டா? அச்சுல வந்துட்டா அப்புறம் யாரும் மறுபேச்சு பேச மாட்டாங்க சார்."

பிரதியைப் புரட்டினேன். வாழ்த்துரைகள், அணிந்துரைகள், ஆசியுரை ஒன்று, பிறகு அவருடைய படம், அதன் பிறகு மறுபடியும் வாழ்த்துரைகள். குடும்ப வரலாறு தொடங்குவதற்குள் எனக்குக் கை வலித்தது. கடைசிக் கட்டுரை அறுபதாம் கல்யாண மேடையிலேயே நடக்கப்போகிற நூல் வெளியீட்டு விழாவைப் பற்றியது. ‘அரங்கம் நிரம்பி வழிந்தது’ என்று இறந்தகாலத்தில் எழுதியிருந்தார். விழாவுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

"இது இன்னும் நடக்கலையே?" என்றேன்.

"நிரம்பாமப் போவுமா? சாப்பாடு போடறேன்ல்ல" என்றார்.

அவர் கொடுத்துவிட்டுப் போன பையில் பழைய சான்றுகளின் கட்டு ஒன்று இருந்தது. தாத்தா காலத்திலிருந்து குடும்பத்தில் பிறந்தவர்கள் எல்லோருடைய பதிவு நகல்களும் அதில் இருந்தன. பிரெஞ்சில் எழுதியவை சில, தமிழில் எழுதியவை சில. அவர் தலைமுறைக்கு வந்தபோது ஒரு நகல் அதிகமாக இருந்தது. எழுத்துப் பிரதியில் அவரையும் சேர்த்துப் பிள்ளைகள் ஐந்து பேர் கொண்ட வரிசை. சான்றுக் கட்டில் ஆறு பேர். அவருக்கு அடுத்து, மூன்றாவதாக, ஒரு பெண் பிறந்திருந்தது. கட்டைக் கொடுப்பதற்கு முன் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றுகூட அந்த வரலாற்று ஆசிரியருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் அவரிடம் கேட்டேன். "உங்களுக்கு அடுத்தாப்புல ஒரு தங்கச்சி இருக்காங்களே, விட்டுப்போச்சே?"

முகம் மாறியது. "அது வேணாங்க. அத எடுத்துடுங்க."

"பதிவு இருக்குங்களே."

"எங்களப் பொறுத்தவரைக்கும் அது செத்துப்போச்சு சார். இருவத்தேழு வருஷமாச்சு."

"அப்ப இறப்புச் சான்று குடுங்க. தேதியோட போட்டுடலாம்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வயல்காரக் குடும்பத்துப் பெண், டைப் கற்றுக்கொள்ள டவுனுக்குப் போன இடத்தில், திருவேட்டக்குடிக் கடல்காரர் ஒருவரைப் பார்த்துப் பழகிக் கட்டிக்கொண்டு போய்விட்டது. அது மீன் விற்கிறது. பெண் வீட்டுக்காரர்கள் படிக்கப்போகிற புத்தகத்தில் அது இருக்கக்கூடாது. இவ்வளவையும் மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு, "தலைப்புப் பக்கத்துல ஒங்க பேரப் போடப்போறேன். ‘தேதிகள் சரிபார்த்தவர்’னு. எழுத்து கொஞ்சம் சின்னதா இருக்கும்" என்றார்.

நான் சரி என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் என் பெயர் அதுவரை எந்தப் புத்தகத்திலும் அச்சாகி வந்ததில்லை. பிறருடைய பெயர்களையே முப்பது வருடம் எழுதியவன் நான். அன்று மாலை தலைப்புப் பக்கத்தின் மாதிரியை ஒரு வெள்ளைத் தாளில் எழுதிப் பார்த்தேன். யாராவது என்னைப் பற்றியும் இப்படி ஒரு நோட்டு எழுதினால், மூன்றாவது பத்தியில் எழுத அதுவே போதும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போனேன். மீன் மார்க்கெட்டில் நான் வழக்கமாக வாங்கும் அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். ஆள் பார்த்து விலை சொல்ல மாட்டார், அழுகலைத் தலையில் கட்ட மாட்டார். அன்று மீனைப் பையில் போட்டவர் பையைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"சார், கோவில்பத்து இஞ்சினியரு புஸ்தகம் போடறாராமே. நீங்கதான் பாக்கறீங்களாம்?"

"ஆமா. ஏம்மா?"

"அதுல கூடப் பொறந்தவங்க பேரெல்லாம் வருதா?"

"வருது."

"என் பேரு இருக்கா சார்?"

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அவரது முகத்தைப் பார்த்தேன். மூக்கும் நெற்றியும் அப்படியே அண்ணனுடையவை. பத்து வருடமாக இவரிடம் மீன் வாங்குகிறேன், ஒரு நாளும் கவனித்ததில்லை.

"இல்லம்மா" என்றேன்.

அவர் தலையாட்டினார். மீன் மேல் தண்ணீர் தெளித்தார். பிறகு, "எங்க மூத்த அண்ணன் ஒண்ணு, பொறந்து மூணாம் நாளே தவறிப்போச்சு. அது பேரு?" என்றார்.

"இருக்கு."

"சின்னத் தங்கச்சி? நாப்பது நாள்தான் இருந்துச்சு. பேருகூட வய்க்கல."

"‘பெண் குழந்தை’ன்னு போட்டு, தேதி போட்டிருக்கு."

"அப்ப பேரு வய்க்காததுக்கும் எடம் இருக்கு" என்றார். பக்கத்துக் கூடைக்காரி இவரையே பார்ப்பது தெரிந்து குரலைத் தாழ்த்தினார். "சொத்துல பங்கு கேக்கல சார். வீட்டுப் படி ஏறணும்னு கேக்கல. எங்கம்மா வயித்துல நானும் பொறந்தேன்னு ஒரு எடத்துல இருந்தாப் போதும். எனக்கும் பேரப்புள்ள வந்துருச்சு. நாளைக்கு அது கேட்டா என்னத்தக் காட்டுவேன்?" பையை நீட்டினார். "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். அண்ணன் கோவக்காரரு. ஒங்களுக்கு எதுக்கு வம்பு."

நான் காசைக் கொடுத்துவிட்டுப் பையை வாங்கிக்கொண்டேன். அவர் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. அடுத்தடுத்த ஞாயிறுகளில் மீன் பேச்சு மட்டுந்தான்.

அச்சகத்திலிருந்து கடைசித் திருத்தப்படி ஆடி பதினெட்டுக்கு அடுத்த நாள் வந்தது. பொறியாளர் முதலில் அதைத் தானே பார்த்தார். பார்த்தது என்றால் தன்னுடைய படம், வாழ்த்துரைகள், தன் பெயருக்குப் பின்னால் இரண்டு பட்டங்களும் வந்திருக்கின்றனவா என்பது ஆகியவற்றை. ஒரு வாழ்த்துரையில் ‘சிறந்த’ என்று இருந்ததை ‘தலைசிறந்த’ என்று மாற்றியிருந்தார். பிறகு எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, "தேதி மட்டும் பாத்துட்டு நேரா அச்சகத்துல குடுத்துடுங்க சார்" என்று என்னிடம் கொடுத்தார். தன் குடும்பத்தைப் பற்றிய பக்கங்களை அவர் படிக்கவில்லை. இப்படிப் புத்தகம் போடுகிறவர்கள் எவரும் படிப்பதில்லை. நானும் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். எழுதியவருக்கே படிக்கப் பொறுமை இல்லாததைத்தான் ஆயிரம் பேருக்குத் தாம்பூலத்தோடு கொடுக்கிறார்கள்.

நான் மூன்றாவது இடத்தில் அந்த அம்மாளின் பெயரை எழுதினேன். பிறந்த நாள், கிழமை, நேரம். கீழே இருந்தவர்களின் வரிசை எண்ணைத் திருத்தினேன். கணவர் பெயர் எழுதவில்லை, அதற்கு என்னிடம் பதிவு இல்லை. ஆறு பிள்ளைகளை ஐந்தாகக் காட்டி, அதற்குக் கீழே சரிபார்த்தவர் என்று என் பெயர் வருவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த அம்மாளின் முகமும் நினைவில் இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது பொறியாளர் போன் செய்தார். பெட்டிகள் வந்து இறங்கியிருக்கின்றன. மகன் ஒரு பிரதியைப் பிரித்துப் பார்த்து, "யாருப்பா இது, எனக்குத் தெரியாம ஒரு அத்தை?" என்று கேட்டிருக்கிறான்.

"ஏன் சார், எங்க குடும்பத்துல ஒங்களுக்கு என்ன சார் வேல?"

"நீங்கதானே கூப்பிட்டீங்க, தேதி பாக்க."

"தேதி பாக்கக் கூப்பிட்டா ஆளக் கூட்டியாந்து உள்ள ஒக்கார வச்சிருக்கீங்க! ஆயிரம் புஸ்தகம் சார். வீட்டுப் பொம்பளைங்க சோறு தண்ணி இல்லாம ஒக்காந்து வெள்ளத் தாள வெட்டி அது பேரு மேல ஒட்டிக்கிட்டு இருக்காங்க. ஒங்க பேரு மேலயும் ஒட்டச் சொல்லிட்டேன். தெரிஞ்சுக்குங்க."

"நான் விழாவுக்கு வரலாமா?"

"வாங்க, சாப்ட்டுட்டுப் போங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். எங்கள் ஊரில் கோபத்திலும் பந்தியை மறுப்பதில்லை.

போனேன். மண்டபம் நிரம்பித்தான் இருந்தது. அதை நான் மறைக்கக் கூடாது. மேடையில் ஒருவர் புத்தகத்தை வெளியிட, இன்னொருவர் பெற்றுக்கொண்டார். இருவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. பேசியவர்கள் பொறியாளரின் நேர்மையைப் பற்றியும் அன்றைய சாம்பாரைப் பற்றியும் பேசினார்கள். புத்தகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. எப்படிப் பேச முடியும்?

சாப்பிட்டு முடித்தவர்கள் பை வாங்கிக்கொண்டு வாசலில் வண்டிக்காக நின்றார்கள். மழைத் தூறல். செய்ய ஒன்றும் இல்லாமல் இரண்டு பெண்கள் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்கள். எனக்கு முன்னால் நின்றவர்கள், பொறியாளரின் சொந்தக்காரர்கள்.

"என்னாடி இது, பத்திரிகைல மண்டபம் மாத்துனா ஒட்டுற மாதிரி ஒட்டிருக்கு?"

"அடியில என்னமோ இருக்கு. கிழிச்சுப் பாரேன்."

"கிழிக்கவே வேணாம். தானா தொறக்குது பாரு!"

உண்மைதான். தாளின் மேல் ஓரத்தில் மட்டுமே பசை இருந்தது. கதவு போல மேலே தூக்கலாம், மறுபடி மூடலாம். ஒருத்தி பெயரை வாய்விட்டுப் படித்தாள். இன்னொருத்தி "அய்யய்யோ, அதுவா!" என்றாள். அப்புறம் யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. வாசலில் நின்ற எல்லோரும் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார்கள். ஆண்களும் எடுத்தார்கள். "எத்தனாம் பக்கம்?" "படத்துக்கு அப்புறம், நடுவுல பாரு." கிழமையைப் படித்தார்கள், நேரத்தைப் படித்தார்கள். "இஞ்சினியருக்கும் இதுக்கும் ஏழு வயசு வித்தியாசம்" என்று ஒருவர் கணக்குப் போட்டார். மண்டப வாசலில் அத்தனை பேர் ஒரே நேரத்தில் புத்தகத்தைத் திறந்து நின்றதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆயிரம் பிரதியிலும் படிக்கப்பட்ட வரி அது ஒன்றுதான். ஆசிரியர் மறைத்த வரி.

நானும் என் பிரதியைத் திறந்தேன், தலைப்புப் பக்கத்தை. என் பெயர் மேல் ஒட்டியிருந்த தாளுக்கு நான்கு பக்கமும் பசை. கை கழுவும் இடத்தில் யாரும் இல்லாதபோது நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். அடித்தாளும் சேர்ந்து பிய்ந்து வந்தது.

திங்கட்கிழமை காலை மீன் மார்க்கெட்டுக்குப் போய் அந்த அம்மாளிடம் புத்தகத்தைக் கொடுத்தேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். கண்ணாடி கொண்டுவரவில்லை, படிக்கச் சொன்னார். தாளைத் தூக்கிப் படித்தேன். மூன்றாவது, மகள், பெயர், பிறந்த நாள், செவ்வாய்க்கிழமை, காலை ஆறே கால்.

"செவ்வாக்கெழமையா? எங்கம்மா வெள்ளிக்கெழமன்னுல்ல சொல்லும்."

"பதிவுல செவ்வாய்னுதான் இருக்கு."

"பொண்ணு வெள்ளிக்கெழம பொறந்துச்சுன்னு சொன்னா நல்லாருக்கும்னு சொல்லிருக்கும்" என்று சிரித்தார். பிறகு ஒட்டிய தாளை விரலால் தூக்கினார், மூடினார், மறுபடி தூக்கினார். "யாரு ஒட்டுனது இத?"

"வீட்டுப் பொம்பளைங்க ஒட்டுனாங்களாம்."

"அண்ணி" என்றார். "அண்ணிக்கு எந்த வேலையும் அரகொறயாச் செய்யத் தெரியாது சார். அப்பளம் இட்டாக்கூட அளவெடுத்த மாதிரி இருக்கும். இத வேணும்னேதான் இப்புடி ஒட்டிருக்கு." ஒருமுறை பேருந்து நிலையத்தில் எதிரெதிராக வந்தபோது அண்ணி ஒரு வார்த்தையும் பேசாமல் கையை மட்டும் பிடித்துவிட்டுப் போனதாகச் சொன்னார். எந்த வருடம் என்று கேட்டேன். அவருக்கு நினைவில்லை.

அந்தப் பக்கத்தை மட்டும் ஓரத்தில் நகத்தால் கீறி, மெதுவாக, ஒட்டிய தாளோடு சேர்த்துக் கிழித்தெடுத்தார். நான்காக மடித்துப் பணப்பையின் உள்ளறையில் வைத்தார். மீதிப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

"வச்சுக்கம்மா" என்றேன்.

"எனக்கு எதுக்கு சார்? மீன் சுத்திக் குடுக்கவும் ஆவாது. தாளு வழவழன்னு இருக்கு, தண்ணியே இழுக்காது."

பக்கத்துக் கூடைக்காரி எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, புஸ்தகத்துல வந்துட்டியாமே! படம் போட்டிருக்காங்களா?"

"படமெல்லாம் இல்லடி, பேருதான்" என்று சொல்லிவிட்டு, அடுத்து நின்றவருக்குச் சங்கரா மீனைத் தராசில் எடுத்து வைத்தார்.